காசு எப்போது வரும், ஆறு எப்போது பெருகும்: நிச்சயமற்ற காலத்தில் ஒரு சங்கம் முடிவெடுப்பது எப்படி?

2025ஆம் ஆண்டு திருகோணமலை மாவட்டத்தின் பொது அமைப்புகளை இரண்டு பக்கத்தாலும் தாக்கியது. ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாட்களுக்கு இடைநிறுத்தியது. அந்தக் கிழமையே வேலைகளை நிறுத்தும்படி கடிதங்கள் புறப்பட்டன. மார்ச் 10ஆம் திகதி அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எயிட்டின் திட்டங்களில் 83 வீதமானவை ரத்து என்று அறிவித்தார்கள். ஜூலை 1ஆம் திகதியோடு அந்த நிறுவனத்தின் உதவிப் பணியே முடிவுக்கு வந்தது. நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மகாவலி பெருகியது, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது, மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள்.

இதற்குள் வேறு கேள்விகளும் கிடக்கின்றன. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன் பிறகு மாகாணம் ஆளுநரின் கீழேயே இருக்கிறது. அரச சார்பற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் கொண்டுவரும் பேச்சும் நீண்ட நாளாக நடக்கிறது.

இந்த நிலையில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி முதல் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை, ஆலய பரிபாலன சபை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், நகரத்தில் அலுவலகம் வைத்திருக்கும் தொண்டு நிறுவனம் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுத்து என்ன நடக்கும்? இதற்கு விடை சொல்ல எவராலும் முடியாது. விடை காணக்கூடிய கேள்வி வேறொன்று: எது நடந்தால் நாங்கள் என்ன செய்வோம், அதை எந்தத் திகதிக்குள், யார் தீர்மானிப்பார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை அடிப்படையிலிருந்து கட்டிச் செல்கிறது.

எண்ணக்கூடிய ஆபத்தும் எண்ண முடியாத நிலையும்

பிராங்க் நைட் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1921இல் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். நடக்கும் சாத்தியத்தைக் கணக்கிட முடிந்தால் அது ஆபத்து. கணக்கிடுவதற்கான அடிப்படையே இல்லாவிட்டால் அது நிச்சயமின்மை.

மாரி மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும். எந்த வருடம் எவ்வளவு பெய்யும் என்று தெரியாது, ஆனால் வரும். வெருகல் தாழ்நிலத்தில் நவம்பரில் மலசலகூடக் குழி வெட்டத் திட்டம் போட்டால் குழிக்குள் நிலத்தடி நீர் ஏறும், கொங்கிறீட் இறுகாது, மண் சரியும். அங்கு கட்டட வேலையைச் செப்டெம்பருக்குள் முடிப்பது சாதாரணத் திட்டமிடல். இதற்கு எந்தத் தைரியமும் தேவையில்லை, நாட்காட்டி போதும்.

வெளிநாட்டு அரசாங்கம் ஒன்று அடுத்த வருடம் உதவி தருமா என்பது இரண்டாம் வகை. "60 வீதம் வரும்" என்று நிர்வாக சபைக் கூட்டத்தில் யாராவது சொன்னால் அந்த 60 எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அது கொழும்பில் உள்ள திட்ட அலுவலர் ஒருவர் தொலைபேசியில் நம்பிக்கையாகப் பேசியதிலிருந்து வந்திருக்கும். அந்த அலுவலரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசுகிறார். ஆனால் காசு வரும் வழியில் மூன்று படி இருக்கிறது: கொடை நாடு, சர்வதேச நிறுவனம், அதன் கொழும்புக் கிளை, பிறகுதான் திருகோணமலை. சங்கிலி நீண்டால் செய்தி பிந்தும். மேலே எடுத்த முடிவு கீழே வந்து சேரும்வரை கீழே இருப்பவர்கள் சொந்தக் காசில் வேலையைத் தொடர நேரிடலாம்.

இரண்டாம் வகையில் வீதம் பேசிப் பயனில்லை. எவ்வளவு அடியைத் தாங்கலாம் என்று அளந்துகொள்வதே அங்கு செய்யக்கூடிய வேலை. அந்த அளவை வங்கிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

வங்கியில் இருக்கும் காசில் உங்களுடையது எவ்வளவு?

சிறு அமைப்புகள் விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தக் கணக்கைத் தவறாகப் போடுவதுதான். கணக்கு மீதியைப் பார்த்து "இன்னும் ஏழு மாதம் தாங்கலாம்" என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டு மாதமே இருக்கும்.

ஒன்பது பேர் வேலை செய்யும் ஒரு அமைப்பை மாதிரிக்கு எடுப்போம். வங்கி மீதி 62 இலட்சம் ரூபாய். மாதச் சம்பளம் மொத்தம் 6 இலட்சம். இதில் உரிமையாளர் பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் சேர்ந்தால் ஆள்செலவு 6 இலட்சத்து 90 ஆயிரம். வாடகை, மின்சாரம், தொலைபேசி 90 ஆயிரம். மோட்டார் சைக்கிள்களுக்குப் பெற்றோலும் களப் பயணமும் 70 ஆயிரம். ஆக மாதச் செலவு 8 இலட்சத்து 50 ஆயிரம். 62ஐ 8.5ஆல் பிரித்தால் ஏழு மாதத்துக்கு மேல் வரும். இது தவறான கணக்கு. முதலில் கழிக்க வேண்டியவை:

1. ஒரு குறித்த வேலைக்கென்று வந்து இன்னும் செலவாகாத கொடை: 31 இலட்சம். இதைச் சம்பளத்துக்கோ வாடகைக்கோ எடுக்க முடியாது.
2. பணிக்கொடைப் பொறுப்பு, அதாவது ஊழியர் வேலையை விட்டுப் போகும்போது கொடுக்க வேண்டிய தொகை: 7 இலட்சம். வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் 60 ஆயிரம் வாங்கும் ஒருவர் எட்டு வருடம் வேலை செய்திருந்தால் அவருக்கு மட்டும் 2 இலட்சத்து 40 ஆயிரம்.
3. கடைக்காரருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் கொடுக்க வேண்டியது: 4 இலட்சத்து 50 ஆயிரம்.
4. கடந்த மாதச் சேமலாப, நம்பிக்கை நிதிக் கட்டணம், ஊழியரிடம் பிடித்த 8 வீதத்தையும் சேர்த்துச் சம்பளத்தில் 23 வீதம்: 1 இலட்சத்து 38 ஆயிரம்.
5. கணக்காய்வுக் கட்டணமும் சில்லறை நிலுவைகளும்: 1 இலட்சத்து 12 ஆயிரம்.

கூட்டினால் 45 இலட்சம். மிஞ்சுவது 17 இலட்சம். மாதத்துக்கு 8.5 இலட்சம் என்று பிரித்தால் அது சரியாக இரண்டு மாதம்.

இதோடு முடியவில்லை. அலுவலகத்தை மூட வேண்டி வந்தால் அறிவித்தல் காலச் சம்பளம், கணக்கு முடிப்பு, பொருட்களை ஒப்படைப்பது என்று குறைந்தது ஒரு மாதச் செலவு வேண்டும். ஆகவே அந்த இரண்டு மாதத்தில் பின் மாதம் மூடுவதற்குரியது. முடிவெடுப்பதற்கு இந்த அமைப்பின் கையில் இருக்கும் காலம் ஒரே மாதம். ஏழு மாதம் இருக்கிறது என்று நம்பிய நிர்வாக சபை மூன்றாம் மாதம்தான் பேசத் தொடங்கும். அப்போது பேசுவதற்கு எதுவும் மிச்சமிருக்காது, கொடையாளரின் காசில்தான் சம்பளம் போய்க்கொண்டிருக்கும்.

இங்கேதான் அந்தப் பழக்கமான வசனம் வருகிறது: "இப்போதைக்கு இந்தத் திட்டக் காசை எடுத்துச் சமாளிப்போம், மற்றக் கொடை வந்ததும் நிரப்புவோம்." இப்படித் திட்டத்துக்குத் திட்டம் மாற்றுவதால் ஒரு திட்டத்தின் நோய் மற்றதற்கும் தொற்றுகிறது. வராத கொடை வராமலே போனால் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த திட்டமும் சேர்ந்து நிற்கும். கணக்காய்வில் அது தெரியவரும். காசோலையில் கையொப்பமிட்ட பொருளாளரும் தலைவரும் பதில் சொல்ல வேண்டிவரும். வேறு தொழில் பார்த்துக்கொண்டு மாலையில் சங்க வேலைக்கு வருபவர்கள் அவர்கள். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளுவது அநியாயம்.

செலவழித்து முடித்துப் பற்றுச்சீட்டு அனுப்பிய பிறகு காசு தரும் கொடைகளில் இன்னும் அவதானம் தேவை. அந்த முறையில் அமைப்புத்தான் கொடையாளருக்குக் கடன் கொடுக்கிறது. எவ்வளவு முற்பணம் போடலாம் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு எழுதிவைக்க வேண்டும். கழிக்க வேண்டியவை போக மிஞ்சும் கட்டுப்பாடற்ற மீதியில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது நியாயமான வரம்பு. மேலே சொன்ன அமைப்புக்கு அது 8 இலட்சத்து 50 ஆயிரம்.

நாணயத்தையும் பார்க்க வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் ஒப்பந்தம் வைத்திருந்தவர்களுக்கு ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. ரூபாயில் உப ஒப்பந்தம் வைத்திருந்த சிறு அமைப்புகள் அதே பத்து மலசலகூடங்களைப் பாதிப் பெறுமதியான காசில் கட்ட வேண்டியிருந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் கையொப்பமிடும்போது ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள்: பொருள் விலை 15 வீதத்துக்கு மேல் உயர்ந்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம் அல்லது பாதீட்டை மீளப் பேசலாம். கேட்பதற்குத் தயங்குகிறார்கள். கையொப்பத்துக்கு முன் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

திருப்பக்கூடிய முடிவும் திருப்ப முடியாத முடிவும்

எல்லா முடிவையும் ஒரே வேகத்தில் எடுப்பது இரண்டாவது பெரிய பிழை. சிறு விடயத்துக்கு மூன்று கூட்டம், பெரிய விடயத்துக்கு வட்ஸ்அப்பில் ஐந்து நிமிடம் என்றுதான் பல இடங்களில் நடக்கிறது.

ஒரு வாகனத்தை மாத வாடகைக்கு எடுப்பது திருப்பக்கூடிய முடிவு. அதைக் குத்தகைக் கடனில் வாங்குவது திருப்பக் கடினமானது. முன்பள்ளியை இரண்டு கிழமை மூடுவது திருப்பக்கூடியது. ஆசிரியையை வேலையிலிருந்து நீக்கினால் அவர் வேறு இடம் போய்விடுவார், பிள்ளைகளும் சிதறிவிடுவார்கள்; பிறகு காசு வந்தாலும் பழைய முன்பள்ளி வராது. கிராமத்துக்கு "உங்களுக்கு வீடு கட்டித் தருகிறோம்" என்று வாக்குக் கொடுப்பது எல்லாவற்றிலும் திருப்ப முடியாதது. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, காணிக்குத் திரும்ப வருடக்கணக்கில் முகாம்களில் காத்திருந்தவர்கள். அத்தகைய ஊர்களில் நிறைவேறாத ஒரு வாக்குறுதி அடுத்துப் போகும் எல்லா அமைப்புகளின் முகத்திலும் கதவைச் சாத்தும்.

நடைமுறைக்கு இப்படிப் பிரிக்கலாம். திருப்பக்கூடியதும் சிறிய தொகையுமாக இருந்தால் இணைப்பாளரே அன்றே தீர்மானிக்கட்டும். திருப்ப முடியாததைச் சபை முழுவதும், நேரில் கூடி, ஒரு கிழமை இடைவெளி விட்டு இரண்டு தடவை பேசித் தீர்மானிக்கட்டும். இரண்டாம் கூட்டத்தில் ஒரு பயிற்சி செய்யலாம். உளவியலாளர் கேரி கிளைன் பரவலாக்கிய முறை இது. "ஒரு வருடம் கழிந்துவிட்டது, இந்த முடிவு படுதோல்வி அடைந்துவிட்டது" என்று எல்லோரும் கற்பனை செய்து, தோல்விக்கான காரணத்தைத் தனித்தனியாகத் துண்டில் எழுத வேண்டும். பேசாமல் எழுத வைப்பதில்தான் பயன் இருக்கிறது. தலைவருக்கு முன்னால் வாய் திறக்காத உறுப்பினரின் துண்டில்தான் அநேகமாக உண்மையான காரணம் இருக்கும்.

எல்லைக்கோட்டை முன்கூட்டியே எழுதுவது

எல்லைக்கோடு என்று இங்கே குறிப்பிடுவது, ஒரு அளவோ திகதியோ தாண்டப்பட்டதும் முன்னரே தீர்மானித்த வேலை தானாகத் தொடங்குவதை. நெருக்கடி வந்த பிறகு கூடிப் பேசினால் பயமும் நம்பிக்கையும் தீர்மானிக்கும். முன்னரே எழுதியிருந்தால் எழுத்துத் தீர்மானிக்கும்.

எல்லைக்கோட்டுக்கு நான்கு உறுப்புகள் வேண்டும்: எதைப் பார்ப்பது, எந்த அளவு, யார் பார்ப்பது, தாண்டினால் எந்த வேலை. ஒன்று குறைந்தாலும் அது வெறும் கவலையாகவே நிற்கும்.

மேற்சொன்ன மாதிரி அமைப்பில் ஒரு கொடையின் இரண்டாம் தவணை மார்ச் 31இல் வரவேண்டும் என்று வைப்போம்.

1. மார்ச் 31க்குள் காசோ எழுத்துமூல உறுதியோ வராவிட்டால், அன்றிலிருந்து புதிய கொள்வனவும் புதிய நியமனமும் இல்லை. வேறெதுவும் மாறாது. பொருளாளர் ஊழியர்களுக்கு அன்றே அறிவிப்பார்.
2. ஏப்ரல் 15க்குள் வராவிட்டால், ஊழியர்களின் எழுத்துமூலச் சம்மதத்தோடு வேலை நாட்களும் அதற்கேற்பச் சம்பளமும் குறையும். களப் பயணம் கிழமைக்கு ஒரு தடவை.
3. கட்டுப்பாடற்ற மீதி 8 இலட்சத்து 50 ஆயிரத்தைத் தொட்டால், திகதி எதுவானாலும், அந்தத் திட்டத்தை மூடும் வேலை தொடங்கும்.

தொலைபேசி வாக்கு உறுதியாகாது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கையொப்பமிட்ட கடிதம் அல்லது உத்தியோகபூர்வ மின்னஞ்சல் மட்டுமே உறுதி.

வெள்ளத்துக்கும் இதே முறை பொருந்தும், இந்த மாவட்டத்தில் அதற்கு நல்ல அளவுகோலும் இருக்கிறது. மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுவதற்கு முன் பொலன்னறுவை மாவட்டத்து மன்னம்பிட்டியைத் தாண்டி வருகிறது. அங்கே நீர்ப்பாசனத் திணைக்களம் ஆற்று மட்டத்தை அளக்கிறது. எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ள மட்டம், பெரு வெள்ள மட்டம் என்று மூன்று நிலை குறித்திருக்கிறார்கள். அளவீடு பொதுவில் வெளியாகிறது. மன்னம்பிட்டியில் ஏறிய நீர் வெருகலுக்கும் மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் பிறகுதான் வரும். வானத்தைப் பார்த்துத் தீர்மானிப்பவர்கள் இந்த இடைவெளியை இழக்கிறார்கள்: திருகோணமலையில் வெயில் அடிக்கும்போதும் மலைநாட்டு மழை ஆற்றில் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒரு கிராமச் சங்கம் இப்படி எழுதிவைக்கலாம். மன்னம்பிட்டி எச்சரிக்கை மட்டத்தைத் தொட்டால் செயலாளர் கிராம உத்தியோகத்தரோடு பேசுவார், பாடசாலைத் திறப்பு யாரிடம் என்று உறுதிசெய்வார். சிறு வெள்ள மட்டம் என்றால் நடக்க முடியாதவர்களும் கர்ப்பிணிகளும் பகலிலேயே இடம் மாற்றப்படுவார்கள், உழவு இயந்திரங்களும் தோணிகளும் மேட்டுக்குக் கொண்டுவரப்படும். பெரு வெள்ள மட்டம் என்றால் ஊர் முழுவதும் வெளியேறும். அரச அறிவித்தல் இன்னும் வரவில்லை என்று காத்திருக்கக்கூடாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கம் எல்லோர் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

வெறுமனே வெளியேறிவிட்டு வெள்ளம் வராமல் போனால் மக்கள் ஏசுவார்கள். அந்த ஏச்சு தாங்கக்கூடியது. இரவில் வெளியேறுவதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய விலை.

யாருக்கு அதிகாரம்?

சங்க யாப்பில் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வரவேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், ஏழு பேர் என்று இருக்கும். வெள்ளத்தில் மூன்று பேர்தான் கூட முடியும். தலைவர் கொழும்பில், பொருளாளர் மகளைப் பார்க்கக் கனடா போயிருப்பார், காசோலைக்கு இரண்டு கையொப்பம் வேண்டும். வழக்கமாக நடப்பது இரண்டில் ஒன்று: எதுவும் செய்யாமல் நிற்பது, அல்லது வெற்றுக் காசோலையில் முன்கூட்டியே கையொப்பம் வாங்கி வைப்பது. இரண்டாவது மிக ஆபத்தானது, எந்த நட்புக்காகவும் செய்யக்கூடாதது.

இதற்கு ஓர் அவசரத் தீர்மானம் போதும், சாதாரண காலத்தில் முறையாகக் கூடிய கூட்டத்தில் நிறைவேற்றிவைக்கலாம். அதில் இருக்க வேண்டியவை: பெயர் குறித்த மூவர், அவர்களில் இருவர் இணங்கினால் செலவழிக்கக்கூடிய உச்சத் தொகை (சிறு சங்கத்துக்கு ஓர் இலட்சம் போதும்), எந்த நிகழ்வில் இந்த அதிகாரம் தொடங்கும், எத்தனை நாளில் தானாக முடியும், 14 நாளுக்குள் முழுச் சபையின் அங்கீகாரம். வங்கியில் மூன்றாவது கையொப்பக்காரரைப் பதிவதற்கும் இதுவே நேரம். வங்கி அதற்குத் தீர்மானத்தின் பிரதியும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்கும், சில நாட்களும் எடுக்கும். வெள்ளம் வந்த பிறகு ஓடிப் பயனில்லை.

ஆட்களைக் குறைக்க வேண்டி வந்தால்

சட்டம் மூன்று இடத்தில் குறுக்கிடும். ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால், 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவைப்படலாம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டமும் 15 பேர் என்ற அளவையே வைக்கிறது. ஐந்து வருடம் முடித்தவருக்கு உரிமை உண்டு. அதைவிடச் சிறிய இடங்களிலும் தொழில் நியாய சபை பணிக்கொடை பற்றித் தீர்ப்பளிக்க முடியும் என்பதால் "நாங்கள் ஒன்பது பேர்தானே" என்று விட்டுவிடக்கூடாது. மூன்றாவது சேமலாப நிதி. அடுத்த மாத முடிவுக்குள் கட்ட வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். காசு தட்டுப்படும்போது முதலில் நிறுத்துவது பெரும்பாலும் இதைத்தான். அப்படி நிறுத்துவது ஊழியரின் பணத்தை ஊழியருக்குத் தெரியாமல் கடனாக எடுப்பதாகும்.

வருடாவருடம் புதுப்பித்துவந்த ஒப்பந்தங்களைத் "தவணை முடிந்தது" என்று மட்டும் சொல்லி முடிக்கலாமா என்பது சிக்கலான கேள்வி. கடிதம் கொடுப்பதற்கு முன் தொழில் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

சட்டத்துக்கு வெளியே ஒரு விடயம் இருக்கிறது. நிர்வாகிகள் கெட்ட செய்தியைக் கடைசி நாள் வரை மறைப்பது இரக்கத்தால்தான். அதனால் பாதிக்கப்படுவது களப் பணியாளர். இரண்டு மாதம் முன்னே தெரிந்திருந்தால் அவர் நகைக் கடனை மீட்டிருப்பார், பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தை ஒழுங்குசெய்திருப்பார், வேறு வேலைக்கு விண்ணப்பித்திருப்பார். முதலாவது எல்லைக்கோட்டிலேயே சொல்லிவிட வேண்டும் என்று மேலே எழுதியது இதற்காகத்தான்.

எத்தனை குடும்பம் என்று தெரியாத நிலையில் நிவாரணம்

வெள்ளத்தின் முதல் இரண்டு நாளில் வரும் எண்ணிக்கைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. ஒருவர் 120 குடும்பம் என்பார், இன்னொருவர் 260 என்பார். நடுவில் 190 என்று எடுப்பது தவறு. அந்த எண் எந்த நிலைமைக்கும் சரிவராது. கீழ் எண்ணுக்குப் பொருளை வாங்கி, மேல் எண்ணுக்கு ஒழுங்கு செய்துவைப்பதே முறை.

கணக்கு இப்படி வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, நால்வர் குடும்பத்துக்கு ஏழு நாளைக்கு 11.2 கிலோ. 120 குடும்பத்துக்கு 1,344 கிலோ, அதாவது 25 கிலோ மூடை 54. 260 குடும்பத்துக்கு 2,912 கிலோ, 117 மூடை. இன்று 54 மூடைக்குக் காசு கட்டுங்கள். மிச்சம் 63 மூடையை மூன்று நாளைக்கு எடுத்துவைக்கும்படியும், பிரிக்காத மூடையைத் திருப்பி எடுக்கும்படியும் ஆலையோடு அல்லது மொத்தக் கடையோடு எழுதிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, சீனி திரும்பும். சமைத்த சாப்பாடும் பாணும் திரும்பாது, ஆகவே அவற்றுக்கு உறுதியான எண்ணிக்கை தெரிந்த முகாம்களுக்கு மட்டும் ஏற்பாடு செய்யுங்கள்.

தண்ணீருக்கு ஸ்ஃபியர் என்ற சர்வதேச மனிதாபிமானக் குறைந்தபட்ச நியமம் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர். 300 பேர் இருக்கும் பாடசாலைக்கு 4,500 லீற்றர், அதாவது 5,000 லீற்றர் பவுசர் தினமும் ஒரு தடவை. மலசலகூடம் தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, பிறகு 20 பேருக்கு ஒன்று: முதலில் 6, நாள் நீடித்தால் 15. அநேக பாடசாலைகளில் இந்தத் தொகை இல்லை, உள்ளவையும் சிறு பிள்ளைகளுக்கான அளவில் இருக்கும். பெண்களுக்குத் தனியாகவும் வெளிச்சத்தோடும் ஒழுங்குசெய்யாவிட்டால் அவர்கள் இரவில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள்.

பட்டியலில்தான் சண்டை வரும். கிராம உத்தியோகத்தரின் பதிவில் வாடகைக்கு இருப்பவர்களும் பருவத்துக்கு வந்து வாடியில் தங்கும் மீனவர்களும் பெரும்பாலும் இருக்கமாட்டார்கள். சங்கப் பட்டியலில் சங்க உறுப்பினர்கள் மட்டும் இருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஊரின் இரண்டு தொங்கலிலிருந்தும் ஆளுக்கொருவராக இருவர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஆட்கள் எத்தனை, இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை, கர்ப்பிணி, தினசரி மருந்து எடுப்பவர் என்ற நிரல்கள் போதும். அறிவித்தல் பலகையில் பெயரை மட்டும் ஒட்டுங்கள், அடையாள அட்டை இலக்கத்தை ஒட்டக்கூடாது.

ஒரே நாளில் எல்லோருக்கும் சொல்வது

மூதூர், சேருவில, வெருகல் மூன்றும் அல்லை நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரே நீரைப் பங்கிடும் பிரதேசங்கள். 2006இல் மாவிலாற்று மதகு மூடப்பட்டதிலிருந்து போர் மீண்டும் மூண்ட இடமும் இதுவே. தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் இத்தகைய இடத்தில் ஓர் ஊருக்குத் திங்கட்கிழமையும் மற்ற ஊருக்கு வியாழக்கிழமையும் பொதி போனால், லொறி கிடைக்காததுதான் காரணம் என்று யாரும் நம்பமாட்டார்கள். பங்கீட்டின் அளவுகோலை, எந்த ஊர் முதலில், ஏன் என்பதை, பொதி புறப்படுவதற்கு முன் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் அறிவிக்க வேண்டும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி, கோயில், விகாரை, தேவாலயம், பிரதேச செயலகம் எல்லாவற்றுக்கும் ஒரே தாள், ஒரே வசனம்.

திட்டம் நிற்கப்போவதையும் இப்படியே சொல்ல வேண்டும். "தற்காலிகமாக" என்ற சொல்லை, திரும்பத் தொடங்கும் திகதி தெரிந்தால் மட்டும் பாவியுங்கள். எது நிற்கிறது, எது தொடரும், பாதியில் நிற்கும் கிணற்றை யார் முடிப்பார், அடுத்த செய்தி எந்தத் திகதியில் வரும்: இந்த நான்கும் இருந்தால் போதும். சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அந்தத் திகதியில் போய் அதையே சொல்ல வேண்டும்.

தீர்மானக் கொப்பி

கூட்ட அறிக்கையில் "கலந்துரையாடப்பட்டு ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று மட்டும் இருக்கும். அதிலிருந்து ஆறு மாதத்துக்குப் பிறகு எதையும் அறிய முடியாது. தனியாக ஒரு கொப்பி வைத்து, ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் அரைப் பக்கம் எழுதலாம்: திகதி, அன்று தெரிந்திருந்தவை, தெரியாதிருந்தவை, கைவிட்ட மாற்று வழி, கைவிட்ட காரணம், எந்தத் திகதியில் அல்லது எது நடந்தால் இதை மீளப் பார்ப்பது. மாற்றுக் கருத்துச் சொன்னவரின் பெயரையும், அவர் விரும்பினால், எழுதலாம்.

முடிவு சரியாக இருந்ததா என்பதைப் பலனை மட்டும் வைத்து அளந்தால் அதிர்ஷ்டம் பாராட்டு வாங்கும், கவனமாக யோசித்தவர் ஏச்சு வாங்குவார். அன்று தெரிந்திருந்தவை எழுத்தில் இருந்தால் அந்த அநியாயம் நடக்காது. அடுத்த முறை பதவிக்கு வர ஆட்கள் பயப்படவும் மாட்டார்கள். பல ஊர்களில் செயலாளர் பதவியை ஏற்க ஒருவரும் முன்வராததற்கு இந்தப் பயம் பெரிய காரணம்.

மீள்பார்வைத் திகதிகளை மாவட்டத்தின் பருவ நாட்காட்டியோடு பொருத்துவது உதவும். பெரும்போகம் விதைப்பதற்கு முன் செப்டெம்பரில் ஒரு தடவை எல்லைக்கோடுகளையும் அவசரத் தீர்மானத்தின் மூவர் பெயரையும் வங்கிக் கையொப்பங்களையும் சரிபார்க்கலாம்; மழை ஓய்ந்த பின் பெப்ரவரியில் இன்னொரு தடவை பார்க்கலாம். பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகம், இறப்பர் முத்திரை ஆகியவற்றோடு இந்தக் கொப்பியும் கையளிக்கப்பட வேண்டும். கையளித்தவர், பெற்றவர் இருவரும் திகதியிட்டுக் கையொப்பமிட்டு, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்தின் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுத்துவைக்கலாம்.